ஓநாயைத் தடுக்கும் சிவப்புத் துணிக் கயிறு, சைனகுண்டா பக்கம் பட்டிக்கு வரும் சிறுத்தையைத் தடுக்குமா?

தடுக்காது. குடியாத்தத்திலிருந்து பலமநேர் போகும் வழியில் கௌண்டின்யா காட்டை ஒட்டி 30 ஆடு வைத்திருப்பதாகவும், வெளிநாட்டில் ஓநாய்க்குக் கட்டும் கயிற்றை வாங்கிக் கட்டலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தப் பணத்தைப் பட்டியின் கூரையில் போடுங்கள்.

அந்தக் கயிற்றுக்கு ஃப்ளாட்ரி என்று பெயர். அரை மீட்டர் நீளம், 10 செ.மீ. அகலத்தில் சிவப்புத் துணிகளை அரை மீட்டருக்கு ஒன்றாகத் தொங்கவிடுவார்கள். போலந்து, ரஷ்யப் பகுதிகளில் காட்டை இப்படி வளைத்து, ஓநாய்களைத் துப்பாக்கிக்காரர்கள் நிற்கும் பக்கம் ஓட்டுவது பழைய வேட்டை முறை. இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் அதே கயிறு கன்று ஈனும் காலத்தில் மாட்டையும் ஓநாயையும் சேர்த்தே காப்பாற்றுகிறது. புதிதாக எது அசைந்தாலும் ஓநாய்க்குச் சந்தேகம். துணி வரிசைக்கு வெளியிலேயே நடந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். அதுவும் நிரந்தரம் அல்ல, சுமார் 60 நாளில் பழகிவிடுகிறது. காற்றில் துணி கயிற்றோடு சுற்றிக்கொண்டாலோ, மாடு மென்று தின்றாலோ அந்த இடைவெளி வழியாக உள்ளே வந்துவிடும். சிறுத்தை பூனை இனம். உட்கார்ந்து நோட்டம் பார்க்கும், ஏறும், குதிக்கும். துணி வரிசை அதற்குத் தடையே அல்ல.

நீங்கள் பார்க்க வேண்டிய ஊர் லடாக். ஹெமிஸ் தேசியப் பூங்காவை ஒட்டிய கிராமங்களில் பனிச்சிறுத்தை கல் பட்டிக்குள் கூரைத் திறப்பு வழியாக இறங்கி, ஒரே இரவில் பல ஆடுகளைக் கொன்றுவிடும். வெறி என்று நினைக்காதீர்கள். வெளியில் ஒன்றைப் பிடித்தால் மற்றவை ஓடிவிடும்; பட்டிக்குள் ஆடுகள் ஓட வழியில்லாமல் சுற்றிச் சுற்றி வருவதால், பனிச்சிறுத்தை அசைவதையெல்லாம் அடித்துக்கொண்டே இருக்கும். அந்த ஆத்திரத்தில்தான் ஊர்க்காரர்கள் பனிச்சிறுத்தையையும் கொன்றார்கள். மேலே மரச்சட்டமும் கம்பி வலையும் போட்டு, கதவை இறுக்கமாகச் செய்த பட்டிகளில் இந்தச் சேதம் நின்றது.

உங்களுக்கு 20 அடிக்கு 20 அடி போதும். நம் பக்கம் கிடைக்கும் கல்தூணே நடலாம். நிலத்துக்கு மேல் 7 அடி நிற்கட்டும். சுற்றிலும் 2 அங்குலக் கண் உள்ள செயின்லிங்க் வலை, கீழ் ஓரம் ஒரு அடி மண்ணுக்குள். கூரையிலும் அதே வலை. 5 அடிக்கு ஒரு குறுக்குக் குழாய் கொடுக்காவிட்டால் மழையில் தொய்ந்து, ஒரு மூலையில் கட்டு அவிழும். கீற்றுக் கூரை மட்டும் போட்டால் பிய்த்துக்கொண்டு இறங்கும். மேலே சாய்ந்த மரக்கிளை இருந்தால் வெட்டிவிடுங்கள். பலர் மறப்பது வலையின் கீழ்ப்பகுதி: ஆடுகள் வலையில் சாய்ந்துதான் படுக்கும், சிறுத்தை வெளியிலிருந்து நகத்தை விட்டே ஆட்டின் காலைக் கிழித்துவிடும். கீழே 3 அடி உயரத்துக்குத் தகரமோ மூங்கில் தட்டியோ அடியுங்கள். அதற்கு மேல் திறந்தே இருக்கட்டும், காற்றில்லாவிட்டால் ஆடு சளி பிடித்துச் சாகும். கதவு இரும்புச் சட்டத்தில், மேலும் கீழும் தாழ்ப்பாளோடு. கதவுக்கடியில் மூன்று விரலுக்கு மேல் சந்து கூடாது.

நாயை வெளியே கட்டாதீர்கள். சிறுத்தைக்கு நாயே இரை. இமயமலையில் கத்தி (Gaddi) என்ற இடையர் இனத்தவர் பெரிய நாய்களுக்கே முள் வைத்த இரும்புப் பட்டை மாட்டித்தான் விடுகிறார்கள். வீட்டு மின்சாரத்தை வேலிக்கு இழுக்கவே கூடாது. அந்த வழியில் யானையும் நடக்கிறது, உங்கள் பிள்ளைகளும் நடக்கிறார்கள்.

அப்படியும் ஆடு செத்தால் உடலை நகர்த்தாமல், முள் போட்டு மூடி, படம் எடுத்துவிட்டு வனச்சரக அலுவலகத்துக்கும் கால்நடை மருத்துவருக்கும் சொல்லுங்கள். கொன்றது யார் என்பதை உடலே சொல்லும். சிறுத்தை பெரும்பாலும் தொண்டையைக் கவ்வும். மேல் கோரைப் பல் இரண்டு, கீழ் இரண்டு என நான்கு ஆழமான துளை இருக்கும். தெருநாய் தொடை, விலா, காது எனக் கண்ட இடத்தில் கிழித்திருக்கும். தோலை உரிக்கும்போது கடித்த இடத்தில் ரத்தம் கட்டியிருந்தால் உயிரோடு இருக்கும்போதே கடித்தது. இல்லையென்றால் செத்ததைத் தின்ன வந்தது. ஸ்வீடனில் இழப்பீட்டுக்காக இப்படிப் பிணத்தைத் தேடுவதே வேண்டாமென்று, 1996 முதல் கலைமான் மேய்க்கும் சாமி (Sámi) என்ற பழங்குடி மக்களுக்கு, அவர்கள் மேய்ச்சல் பகுதியில் கலைமானைக் கொல்லும் லிங்ஸ் என்ற காட்டுப்பூனையும் வுல்வரின் என்ற கீரி இன வேட்டை விலங்கும் எத்தனை முறை குட்டி ஈன்றன என்ற கணக்கில் பணம் தருகிறார்கள். விலங்கு பிழைத்தால் மேய்ப்பவருக்கு வருமானம். நம் மாநிலத்திலும் இதை யாராவது பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

கொன்ற ஆட்டில் விஷம் வைக்கச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதீர்கள். முதலில் நரியும் ஊர் நாயும் சாகும், 1972 வனவிலங்குச் சட்டத்தில் வழக்கு உங்கள் மேல் வரும். கூண்டு வைத்துப் பிடித்து வேறு காட்டில் விடச் சொல்வதிலும் பலன் இல்லை. மகாராஷ்டிராவின் ஜுன்னாரில் அப்படி நிறையப் பிடித்து விட்ட பிறகு, மனிதர்கள் மீதான தாக்குதல் கூடியதை வனவிலங்கு ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவின் ஆய்வு காட்டியது. பிடித்த இடம் காலியாகவும் இருக்காது, அடுத்த சிறுத்தை வந்துவிடும். அது வரும்போதும் கூரை வலை இருந்தாக வேண்டும்.