காவல்துறையை இனவெறியராகக் காட்டிய 2010 ஆஸ்திரேலியா கார்ட்டூன் நியாயமான விமர்சனமா, அவதூறா?

கேள்வியில் குறிப்பிட்டிருப்பது டெல்லி மெயில் டுடே நாளிதழில் வந்த கார்ட்டூன். 2010 ஜனவரி 2 அன்று இரவு, மெல்பர்னில் யாராவில் (Yarraville) என்ற பகுதியின் பூங்கா வழியாகப் பகுதிநேர வேலைக்குப் போன 21 வயது பஞ்சாப் இளைஞர் கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். சில நாட்களில் அந்தப் படம் வந்தது. ஒரே உருவம்: தலையில் அமெரிக்க இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளானின் கூம்பு முகமூடி, உடையில் மெல்பர்ன் அடங்கிய விக்டோரியா மாநிலக் காவல்துறையின் பேட்ஜ். வசனம் எழுதும் பலூனில், குற்றத்தின் தன்மை என்னவென்று இன்னும் உறுதியாகவில்லை என்ற பொருளில் ஒரு வரி. அப்போது பிரதமர் பொறுப்பைக் கவனித்துவந்த ஜூலியா கில்லார்ட் இதைக் கடுமையாகக் கண்டித்தார். காவலர் சங்கமும் கொதித்தது.

படத்தையும் பலூனையும் தனித்தனியே படித்தால் சிக்கல் பிடிபடும். இந்தியர்கள் மீதான தாக்குதல்களில் இனவெறி உண்டா என்று கேட்டால் காவல்துறை நழுவுகிறது என்கிறது பலூன். அதற்கு ஆதாரம் இருந்தது. 2007-08இல் விக்டோரியாவில் இந்திய வம்சாவளியினர் 1,447 பேர் வழிப்பறி, தாக்குதல் போன்றவற்றுக்கு ஆளானார்கள் என்பது காவல்துறையே தந்த கணக்கு. 2009 மே 31 அன்று இந்திய மாணவர்கள் மெல்பர்னின் ஃபிளிண்டர்ஸ் தெருவில் சாலை மறியல் செய்த பிறகும், 'தனியாக மாட்டுபவர்களிடம் நடக்கும் வழிப்பறிதான்' என்கிற பதிலே திரும்பத் திரும்ப வந்தது.

முகமூடி சொல்வது வேறு. கு க்ளக்ஸ் க்ளான் அமெரிக்காவில் கறுப்பினத்தவரைக் கொன்ற அமைப்பு. அதன் முகமூடியை மாட்டினால், 'மறைக்கிறார்கள்' என்ற குற்றச்சாட்டு 'இவர்களே கொலைகாரர்கள்' என்று மாறிவிடுகிறது. கண் முதலில் உருவத்துக்குத்தான் போகும், எழுத்துக்கு அப்புறம்தான் வரும். அதனால் பெரிய குற்றச்சாட்டே மனதில் நிற்கிறது, அதற்கோ ஆதாரம் கிடையாது. கார்ட்டூன் வரைகிறவர்கள் அச்சுக்குத் தருமுன் வசனத்தை மறைத்து, படத்தை மட்டும் ஒருவரிடம் காட்டி, 'இதில் யார் என்ன தப்பு செய்தார்?' என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பிறகு வசனத்தை மட்டும் காட்ட வேண்டும். இரண்டு பதிலும் ஒத்துப்போகவில்லையென்றால் படத்தை மாற்றுங்கள். இந்த பலூனுக்கு, 'நோக்கம்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டுப் புகார் எழுதும் காவலரே போதும். இன்னும் ஆழமாகக் குத்தியிருக்கும்.

கார்ட்டூன் எடுத்துக்கொண்ட வழக்கும் தவறான தேர்வு. கொலை நடந்து மூன்று நான்கு நாளில் நோக்கம் தெரியாது என்பது உண்மையான பதில். கொன்றவன் அப்போது 15 வயதுச் சிறுவன். செல்போனைப் பறிக்கப் போனதில் நடந்த கொலை என்று நீதிமன்றத்தில் தெரியவந்தது. 2011 டிசம்பரில் 13 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது. 2009 இறுதியில்தான் விக்டோரியா தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, வெறுப்பின் காரணமாகக் குற்றம் நடந்ததா என்பதை நீதிமன்றம் கணக்கில் எடுக்க வேண்டும் என்று ஆகியிருந்தது. ஆகவே நோக்கத்தை அவசரப்பட்டுச் சொல்லவும் கூடாது, விசாரிக்காமல் விடவும் கூடாது.

சட்டப்படி இது அவதூறா? ஆஸ்திரேலியாவின் 2005 அவதூறுச் சட்டங்களின்படி, காவல்துறை போன்ற அரசு அமைப்பு அவதூறு வழக்குப் போட முடியாது. ஒரு குறிப்பிட்ட அதிகாரியை அடையாளம் காணும்படி வரைந்திருந்தால் அவர் போடலாம். முகமூடி அணிந்த பெயரில்லா உருவத்துக்கு அது பொருந்தாது. இனப் பாகுபாட்டுச் சட்டத்தின் 18சி பிரிவும் உதவாது, அது இனம், நிறம், பூர்வீகம் சார்ந்த இழிவுக்கானது. காவல்துறை ஓர் இனமல்ல.

எனக்கு உண்மையில் வருத்தம் தருவது, முகமூடியைப் பற்றிய சண்டையில் பலூனின் கேள்வி காணாமல் போனதுதான். ஆஸ்திரேலியக் குற்றவியல் கழகத்தின் 2011 ஆய்வின்படி, இந்திய மாணவர்கள் தாக்கப்பட்ட விகிதம் பொது மக்களைவிட அதிகமில்லை. ஆனால் பெரிய மாநிலங்களில் வழிப்பறிக்கு ஆளானது அதிகம். இனவெறி காரணமா என்பதைக் காவல்துறைப் பதிவுகளிலிருந்து சொல்ல முடியவில்லை. நிரப்பாமல் விட்ட அந்த 'நோக்கம்' கட்டம்தான் தடை. 2013 பிப்ரவரியில், விக்டோரியா காவலர்கள் தங்களை நிறத்தைப் பார்த்து நிறுத்திச் சோதித்தார்கள் என்று ஆப்பிரிக்க வம்சாவளி இளைஞர்கள் ஆறு பேர் தொடுத்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. மக்களை நிறுத்தி விசாரிக்கும் முறையைப் பொதுமக்கள் கருத்துக் கேட்டு மறுபரிசீலனை செய்ய விக்டோரியா காவல்துறை அப்போது ஒப்புக்கொண்டது.