ஒரு டாலர் அதிசயங்கள்: வாசகர் கேள்வி – பதில்

காமிக்ஸ் புத்தகங்களின் பின்பக்கத் தபால் விளம்பரங்களைப் பற்றி வந்த கடிதங்களில், குமரி மாவட்ட வாசகர்களின் கேள்விகள் இந்த இதழில்.

கே: பழைய அமெரிக்க காமிக்ஸ் ஒன்றில் ‘எக்ஸ்-ரே கண்ணாடி’ விளம்பரம் பார்த்தேன். போட்டுக்கொண்டு கையைப் பார்த்தால் எலும்பு தெரியுமாம். உள்ளே என்னதான் இருந்தது? வீட்டில் செய்ய முடியுமா? (தக்கலை வாசகர்)

ப: தூவல் இருந்தது. நம் ஊர்க் கோழித்தூவலே போதும். இரண்டு அட்டைகளுக்கு நடுவே இறகு. அட்டையில் சின்னத் துளை. அவ்வளவுதான் சரக்கு.

கல்யாணப் பத்திரிகை அட்டை நல்ல கனம். அதில் கண்ணுக்குக் கண் 6 செ.மீ. இடைவெளி விட்டு, பேப்பர் பஞ்சிங் மெஷினால் ஒவ்வொரு துளை போடுங்கள். அதன் அளவு சுமார் 6 மி.மீ.; சரியாக இருக்கும். இதே மாதிரி இன்னொரு அட்டையும் வேண்டும். வெள்ளைச் சிறகுத் தூவலைச் சோப்புநீரில் அலசி நிழலில் உலர்த்தி, அடியிலிருந்து நுனிக்கு விரலால் நீவுங்கள்; பிரிந்த இழைகள் கோத்துக்கொள்ளும். நடுத்தண்டை விட்டு ஒரு பக்கத்தில் 2 செ.மீ. துண்டு வெட்டி, துளைமேல் வைத்துக் கண்ணருகே பிடித்து மெல்லத் திருப்புங்கள். விரல் பக்கவாட்டில் இரண்டாகப் பிரிந்து தெரியும் கோணம் ஒன்று வரும். அங்கே நிறுத்தி ஒட்டுங்கள்.

கெடுவது பெரும்பாலும் பசையால்தான். பசை இழைவழியே ஊர்ந்து இடுக்குகளை அடைத்துவிடும். துளையிலிருந்து அரை செ.மீ. தள்ளி, கெட்டியாகத் தொட்டு வையுங்கள். தூவலின் அடியில் இருக்கும் பஞ்சுபோன்ற மென்மயிர் உதவாது. வெறும் மங்கல்தான் தெரியும்.

நெருங்கிய இழைகளின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதை பள்ளிப் புத்தகம் விளிம்பு விளைவு என்கிறது. அதனால் ஒரே விரல் சற்றே தள்ளித் தள்ளி இரண்டாகத் தெரிகிறது. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழும் நடுப்பகுதி கறுப்பு, ஓரம் சாம்பல். கறுப்பை எலும்பு என்றும் சாம்பலைச் சதை என்றும் மனம் படித்துக்கொள்கிறது. பென்சிலைப் பார்த்தால் உள்ளே கரிக்குச்சி ‘தெரியும்’. டியூப்லைட்டுக்கோ வெளிச்சமான சுவருக்கோ எதிரே பிடித்தால்தான் வேலை செய்யும். சூரியனை நோக்கிப் பார்க்கவே கூடாது.

கே: தண்ணீரில் தூளைப் போட்ட உடனே உயிர் பெறும் ‘சீ மங்கி’ எப்படி? (சாமித்தோப்பு வாசகர்)

ப: உங்கள் ஊர் உப்பளத்தைத் தாண்டிப் போக வேண்டாம். அது ஆர்ட்டீமியா என்னும் உவர்நீர்ச் சிற்றுயிர், இறாலுக்குத் தூரத்துச் சொந்தம். தூத்துக்குடி உப்பளங்களில் இதன் வகை இயல்பாகவே உண்டு. முட்டை உலர்ந்து ஆண்டுக்கணக்கில் கிடந்து, உப்புநீர் பட்டதும் பொரியும். ஹெரால்ட் வான் பிரவுன்ஹட் என்பவர் 1960-ல் ‘உடனடி உயிர்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். 1962-ல் சீ மங்கி என்று பெயர் மாற்றினார். எக்ஸ்-ரே கண்ணாடியைப் பரப்பியவரும் இவரே. விளம்பரப் படத்தில் கிரீடம் வைத்த மனிதக் குடும்பம். அடியில் பொடியெழுத்தில் ‘படம் உண்மை உருவமல்ல’ என்ற வாசகம்.

வித்தை பாக்கெட்டில்தான். ‘நீர் சுத்திகரிப்பான்’ என்ற முதல் பாக்கெட்டிலேயே முட்டை இருக்கும். ஒரு நாள் பொறுங்கள் என்பார்கள். அதற்குள் பொரிந்துவிடும், கண்ணுக்குப் படாது. மறுநாள் இரண்டாம் பாக்கெட்டைப் போட்டதும் ‘உயிர் வந்தது’. எனக்குப் பிடித்தது இந்தப் புத்திசாலித்தனம்தான்.

நீங்களே செய்ய, குளோரின் போகும்படி ஒரு நாள் வைத்த தண்ணீர் 1 லிட்டர், அயோடின் சேராத கல்லுப்பு 25 கிராம், ஒரு சிட்டிகை ஆப்பசோடா. வண்ணமீன் கடையில் கிடைக்கும் முட்டை கால் டீஸ்பூன். ஏர்பம்ப் ஓடட்டும், விளக்கு எரியட்டும். 26–28 டிகிரியில் 24 முதல் 36 மணி நேரத்தில் பொரியும். பம்பை நிறுத்திப் பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள்: ஓடு மிதக்கும், குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித் திரளும். குழாய் வைத்து உறிஞ்சி அகலப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள்.

சாவதற்குக் காரணம் பெரும்பாலும் தீனி அதிகமாவதுதான். ஈஸ்ட்டையோ ஸ்பைருலினாப் பாசித் தூளையோ கரைத்து, தண்ணீர் லேசாகக் கலங்கும் அளவுக்கு மட்டும் விடுங்கள். தெளிந்த பிறகே அடுத்த வேளை. ஆவியாகிக் குறைந்தால் நன்னீர் ஊற்றுங்கள். உப்பு உள்ளேயே தங்கியிருக்கும். பிரித்த முட்டைப் பாக்கெட்டை மழைக்காலத்தில் திறந்து வைத்தால் ஈரம் இழுத்துப் பொரியாமல் போகும். காற்றுப் புகாத டப்பாவில் பிரிட்ஜில் வையுங்கள்.

கே: 6.98 டாலருக்கு 7 அடி நீர்மூழ்கிக் கப்பலாமே? (கன்னியாகுமரி வாசகர்)

ப: அட்டைப்பெட்டி. விளம்பரத்தில் அதற்கு வைத்த ‘பொலாரிஸ்’ என்ற பெயர் மட்டும் அமெரிக்கக் கடற்படையுடையது. சின்னமுட்டம் துறைமுகத்தில் இறக்கியிருந்தால் கால் மணி நேரத்தில் கூழ்.

கே: ஒன்பது கட்டப் புதிரை நிரப்பினால் டிரான்சிஸ்டர் ரேடியோ பரிசு என்று முன்பு நம் பத்திரிகைகளிலும் வருமே? (குளச்சல் வாசகர்)

ப: 1 முதல் 9 வரை எண்களை நிரப்ப வேண்டும்; நெடுக்கு, குறுக்கு, மூலைக்கு மூலை எப்படிக் கூட்டினாலும் 15. நடுவில் 5 தவிர வேறு எண் வராது. மூலைகளில் இரட்டை எண்கள் மட்டும். மேல்வரிசை 8, 1, 6. நடு 3, 5, 7. கீழ் 4, 9, 2. இதைத் திருப்பியும் கண்ணாடிபோல் மாற்றியும் மொத்தம் எட்டு விதம், அடிப்படை ஒன்றே. அதனால் எழுதியவர் அனைவரும் வெற்றியாளர்! பரிசு வி.பி.பி.யில் (பணம் கட்டிப் பெறும் தபாலில்) ‘சலுகை விலைக்கு’ வரும். 1877-ல் வந்த இந்த முறையில், தபால்காரரிடம் பணம் கொடுத்த பிறகே பெட்டியைப் பிரிக்க முடியும். பிரித்துப் பார்த்துத் திட்டும்போது பணம் மணியார்டராகப் புறப்பட்டிருக்கும். மோசடி என்றால் அதை நிறுத்தித் திருப்பித்தர 1898 தபால் சட்டத்தில் இடம் இருந்தது; அது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்!

கே: இப்படிப்பட்ட பழைய இதழ்கள் துருப்பிடித்துப் பழுக்கின்றன. என்ன செய்யலாம்? (நாகர்கோவில் வாசகர்)

ப: மட்டமான மரக்கூழ் காகிதம் அமிலமாகிப் பழுக்கிறது, நிறுத்த முடியாது, தாமதிக்கலாம். லேமினேஷனும் செலோடேப்பும் வேண்டாம். டேப் பசை சில ஆண்டுகளில் பழுப்பாகக் கசியும். நம் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. இதழ்ப் பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளைப் போட்டு, ஜூனிலும் அக்டோபரிலும் மாற்றுங்கள். பூஞ்சை பிடித்ததை வெயிலில் போடாமல் மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, முகக்கவசத்தோடு வெளியே வைத்து மென்தூரிகையால் தட்டுங்கள்.

துருப்பிடித்த பின்னை வெளிப்பக்கம் இழுத்தால் தாள் கிழியும். நடுப்பக்கத்தை விரித்து, மடங்கிய இரு கால்களையும் மொட்டைக் கத்தியால் நிமிர்த்திப் பிறகு வெளிப்பக்கமாகத் தள்ளி எடுங்கள். அதே துளைகளில் வெள்ளைப் பருத்தி நூலைக் கோத்து, முடிச்சை உள்பக்கம் போடுங்கள். விளம்பரப் பக்கத்தை ஸ்கேன் செய்வதானால் நூல் கோப்பதற்கு முன்பே, பக்கங்கள் பிரிந்திருக்கும்போதே, 600 டிபிஐ-யில் எடுத்துவிடுங்கள்.