வாசகர் கேள்வி: அந்த அதிசய பேட்டரி எங்கே போச்சு?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் சுற்றுச்சூழல் ஆராய்ச்சி, சட்டம், புதுக் கருவிகள் பற்றியே இருந்தன. மற்றதை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கே: வாரத்துக்கு ஒருமுறை 'ஐந்தே நிமிடத்தில் சார்ஜ் ஆகும் அதிசய பேட்டரி' என்று செய்தி வருகிறதே, அதெல்லாம் அப்புறம் எங்கே போகிறது?

ப: பெரும்பாலும் எங்கேயும் போவதில்லை, ஆய்வக மேசையிலேயே கிடக்கிறது. செய்தியில் வருவது பல சமயம் கைக்கடிகாரத்துக்குப் போடும் பட்டன் செல் அளவில் செய்து பார்த்த சோதனை. அதைச் சில நூறு தடவை சார்ஜ் செய்து காட்டியிருப்பார்கள். காருக்கு வேண்டியதோ ஆயிரம் தடவைக்கு மேல், வெயிலிலும் குளிரிலும், தீப்பிடிக்காமல், லட்சக்கணக்கில் செய்தாலும் ஒன்றுக்கொன்று தரம் மாறாமல். உங்கள் போனில் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரியையே பாருங்களேன். அடிப்படை வேலை 1970-களில் தொடங்கியது, விஞ்ஞானி ஜான் குட்இனஃப் குழு அதற்கான கோபால்ட் ஆக்சைடு மின்முனையைக் கண்டது 1980-ல், சோனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1991-ல், நோபல் பரிசு வந்தது 2019-ல். அடுத்த முறை இப்படிச் செய்தி பார்த்தால், எத்தனை தடவை சார்ஜ் செய்து பார்த்தார்கள் என்ற ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் இப்போதைக்கு அது ஏட்டுச் சுரைக்காய்தான்.

கே: சுற்றுச்சூழல் ஒப்பந்தம் என்று நாடுகள் கூடிக் கூடிப் பேசுகின்றன. ஒன்றாவது உருப்பட்டிருக்கிறதா?

ப: கோபம் நியாயம்தான், ஆனால் ஒன்று நன்றாகவே உருப்பட்டது. ஃபிரிட்ஜிலும் ஸ்பிரே டப்பாவிலும் இருந்த சி.எஃப்.சி. வாயு மேலே போய் ஓசோனைத் தின்னும் என்று வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் 1974-ல் எழுதினார்கள். தயாரிப்பாளர்கள் சிரித்தார்கள், நிரூபணம் எங்கே என்றார்கள். 1985-ல் அண்டார்டிகாவின் ஹாலி நிலையத்திலிருந்து ஜோ ஃபார்மன் குழு அளவீடுகளை வெளியிட்டது: ஒவ்வொரு வசந்த காலத்திலும் ஓசோன் சரிந்துகொண்டே வருகிறது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், அவர்கள் வைத்திருந்தது தரையிலிருந்தே ஓசோனை அளக்கும் பழைய காலத்து டாப்சன் கருவி. மேலே சுற்றிக்கொண்டிருந்த செயற்கைக்கோளிலும் அதே குறைவு பதிவாகித்தான் இருந்தது, ஆனால் 'இவ்வளவு குறைவாக இருக்க வாய்ப்பில்லை' என்று கணினி நிரல் அந்த எண்களைச் சந்தேகப் பட்டியலில் ஒதுக்கி வைத்துவிட்டது. அளந்தால் போதாது, அளந்ததை நம்பவும் வேண்டியிருக்கிறது, என்ன செய்ய.

இரண்டே வருடத்தில், 1987-ல், சி.எஃப்.சி.யைக் குறைக்க மாண்ட்ரியல் உடன்படிக்கை. முதலில் போட்டது பாதி குறைப்புதான், அந்த அளவு போதாது என்று விஞ்ஞானிகளுக்கே தெரியும். ஆனால் புது ஆய்வு வர வர விதியை இறுக்கிக்கொள்ளலாம் என்று உள்ளேயே ஒரு கதவு வைத்திருந்தார்கள். 1990-ல் லண்டனில் கூடி முழுத் தடைக்குத் தேதி குறித்தார்கள், ஏழை நாடுகள் மாற்று வாயுவுக்கு மாறுவதற்கான செலவுக்குத் தனி நிதியும் வைத்தார்கள். சேராத நாட்டோடு அந்தச் சரக்கில் வியாபாரம் கிடையாது என்ற விதியும் இருந்தது. சும்மாவா 198 தரப்பும் கையெழுத்துப் போட்டன! அப்புறம் மாற்றாக வந்த எச்.எஃப்.சி. வாயு ஓசோனை விட்டுவிட்டு பூமியைச் சூடாக்கியது, அதற்காக 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் மறுபடி உட்கார வேண்டியிருந்தது. அந்தக் கதவு அப்போதும் உதவியது.

கே: காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் இயந்திரம் வந்துவிட்டதாமே. இனி கவலை இல்லைதானே?

ப: காற்றில் 10,000 மூலக்கூறு எடுத்தால் அதில் கார்பன் டை ஆக்சைடு நான்குதான். அந்த நான்கைப் பொறுக்க மீதி 9,996-ஐயும் விசிறி வைத்து இழுத்துத் தள்ள வேண்டும், பிடித்ததை விடுவிக்கச் சூடாக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மின்சாரம். ஐஸ்லாந்தில் 2021-ல் தொடங்கிய ஓர்கா நிலையம் ஆண்டுக்கு 4,000 டன் பிடிப்பதற்காகக் கட்டப்பட்டது. எரிபொருள் எரித்து உலகம் வெளிவிடுவது ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன். வகுத்துப் பார்த்தேன்: ஒரு வருட உழைப்பு, நாம் மூன்றரை நொடியில் விடும் புகைக்குச் சமம். யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆராய்ச்சி நடக்கட்டும், கடைசியில் மிச்சம் இருக்கும் கொஞ்சத்தைத் துடைக்க உதவும். இதைக் காட்டி இப்போது எரிப்பதைத் தொடரலாம் என்று யாராவது சொன்னால்தான் எனக்கு எரிச்சல் வரும்.

கே: துணிப்பைதானே நல்லது?

ப: எத்தனை தடவை எடுத்துப் போகிறீர்கள்? டென்மார்க் சுற்றுச்சூழல் முகமை 2018-ல் போட்ட கணக்கில், சாதாரணப் பருத்திப் பை கடையில் தரும் பிளாஸ்டிக் பைக்கு ஈடாக வேண்டுமென்றால், காலநிலைக் கணக்குக்கு மட்டும் 52 தடவை பயன்படுத்த வேண்டும். எல்லாப் பாதிப்பையும் சேர்த்தால் 7,100 தடவை! இந்த இரண்டாவது எண்ணைத்தான் எல்லோரும் அலறிக்கொண்டு பகிர்ந்தார்கள். அது ஓசோன் சிதைவு என்ற ஒரே அளவுகோலால் எகிறிய எண், தெருவிலும் கடலிலும் வீசிய பிளாஸ்டிக் என்ன செய்யும் என்பது அந்தக் கணக்கிலேயே சேரவில்லை. இருக்கிற பையைக் கிழியும் வரை பயன்படுத்துங்கள். விழாவுக்கு விழா இலவசமாகக் கொடுக்கும் புதுத் துணிப்பைகளை மட்டும் வேண்டாம் என்று சொல்லிப் பழகுங்கள்.

கே: மானியத்தில் வளரும் தொழில்நுட்பம் எப்போதாவது சொந்தக் காலில் நிற்குமா?

ப: சூரியத் தகடு நின்றது. 1954-ல் பெல் ஆய்வகம் காட்டிய சிலிக்கான் தகடு வெயிலில் 6 சதவீதத்தை மின்சாரமாக்கியது, விலையோ செயற்கைக்கோளுக்கு மட்டும் கட்டுப்படியாகும். 2000-ல் ஜெர்மனி, கூரையில் தகடு போட்டவர் தரும் மின்சாரத்துக்கு 20 வருடம் ஒரே விலை என்று சட்டம் போட்டது. ஆர்டர் குவிந்தது, ஆலைகள் பெருகின, சீன ஆலைகள் இன்னும் பெரிதாகச் செய்தன. உலகில் இதுவரை செய்த தகடுகளின் மொத்தம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் விலை சுமார் 20 சதவீதம் இறங்கியது. ஆனால் எல்லாவற்றுக்கும் இது நடக்காது. கோடிக்கணக்கில் ஒரே மாதிரி அச்சடிக்கக்கூடிய சரக்கு மலிவாகும், அணு உலை மாதிரி ஒவ்வொன்றையும் இடத்துக்கு ஏற்ப வருடக்கணக்கில் கட்ட வேண்டியது அப்படி மலிவாகவில்லை. மானியம் கொடுக்கும் முன் இது எந்த ரகம் என்று பார்த்தால் பாதிப் பணம் மிஞ்சும்.

கே: எல்.இ.டி. மாற்றினோம், மின்கட்டணம் குறையவில்லை. ஏன்?

ப: எத்தனை விளக்கு கூடியது என்று எண்ணிப் பாருங்கள். மலிவானால் கூடுதலாகத்தான் பயன்படுத்துவோம்: நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் இயந்திரம் வந்தால் மொத்தத்தில் நிலக்கரிப் பயன்பாடு கூடும் என்று ஆங்கிலப் பொருளாதார அறிஞர் ஜெவன்ஸ் 1865-லேயே எழுதிவிட்டார்.

கே: நான் படிப்பது பொருளாதாரம். இந்தத் துறையில் எனக்கு இடம் உண்டா?

ப: தாராளமாக. ஸ்வீடன் 1991-லிருந்து கார்பனுக்கு வரி போடுகிறது, அது யாரை எவ்வளவு சுட்டது, எது மாறியது என்று இன்னும் கட்டுரைகள் வருகின்றன. வெயில் நேரத்தில் மின்சாரம் மலிவு, இரவில் விலை அதிகம் என்று கட்டணத்தை மாற்றினால் ஒரு வீடு துணி துவைக்கும் நேரத்தை மாற்றுமா? வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வருபவர் என்ன செய்வார்? இதற்கு வேதியியல்காரர் பதில் சொல்ல முடியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும். புள்ளியியலை மட்டும் ஒழுங்காகப் படித்துவிடுங்கள்.