முப்பதைத் தாண்டியும் வலிக்கும் முகப்பரு: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். எனக்குப் பருவ வயதில் முகம் சுத்தமாக இருந்தது. படிப்பு முடிந்து வேலைக்குப் போன பிறகுதான் தாடையில் பரு வர ஆரம்பித்தது. அதனால் இந்தக் கேள்விகளில் பாதி நானே ஒரு காலத்தில் கேட்டவை. நான் தோல் டாக்டர் இல்லை. மாத்திரை, ஊசி என்று வரும் இடத்தில் டாக்டரிடம் போகச் சொல்வேன்.

அக்கா, வயசு 34. தாடை ஓரத்துல உள்ளுக்குள்ளயே உருண்டையா வருது. தொட்டாலே உயிர் போகுது. பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்னாடி தவறாம வரும். இது சாதாரண பருதானா?

பருதான். சிறு வயதில் நெற்றியிலும் மூக்கிலும் அதிகம் வரும். 25-க்கு மேல் பெண்களுக்குப் பெரும்பாலும் தாடை, மோவாய், கழுத்தின் மேல்பகுதி. ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன் என்பார்கள், பெண்கள் உடம்பிலும் கொஞ்சம் உண்டு) எண்ணெய்ச் சுரப்பிகளைத் தூண்டுகிறது, துவாரம் அடைபடுகிறது, உள்ளே கிருமி பெருகி வீங்குகிறது. அடைப்பு ஆழத்தில் இருப்பதால் அழுத்தம் வெளியேற வழியில்லை, அதனால்தான் அவ்வளவு வலி. முகத்தைச் சரியாகக் கழுவாததால் வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு நாளைக்கு ஐந்து முறை சோப்புப் போட்டுக் கழுவி முகத்தை எரிய வைத்துக்கொண்டவர்கள் நிறையப் பேரைப் பார்க்கிறேன். இரண்டு முறை போதும்.

வலிக்கிற கட்டிக்கு அன்னிக்கே என்ன பண்ணலாம்? பிதுக்கினா கொஞ்சம் நிம்மதியா இருக்கு.

வாய் வைக்காத கட்டியைப் பிதுக்கினால் சீழ் வெளியே வராது, தோலுக்குள்ளேயே உடைந்து பரவும். வீக்கம் கூடும், தழும்பு தங்கும். ஐஸ் கட்டியைச் சுத்தமான துணியில் சுற்றிச் சில நிமிடம் வையுங்கள், எடுங்கள், மறுபடி வையுங்கள். வலி குறையும். பிறகு 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடு ஜெல் மெல்லிசாக. 10 சதவீதம் வாங்க வேண்டாம். பலன் கூடாது, எரிச்சல்தான் கூடும். இந்த ஜெல் துணியின் சாயத்தை வெளுத்துவிடும், தலையணை உறையும் துண்டும் வெள்ளையாக இருக்கட்டும்.

முக்கியமான நிகழ்ச்சிக்கு முன்னால் பெரிய கட்டி வந்தால் தோல் டாக்டர் அதற்குள்ளேயே நீர்த்த ஸ்டீராய்டு ஊசி போடுவார். இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் அமுங்கிவிடும். அந்த இடம் கொஞ்சம் குழியாகும் வாய்ப்பு உண்டு, அதையும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பற்பசை, எலுமிச்சைச் சாறு இரண்டும் வேண்டவே வேண்டாம். எலுமிச்சை பட்ட தோலில் வெயில் பட்டால் வெந்து கறுத்துப் போகும்.

மெடிக்கல்ல கேட்டு ஒரு கிரீம் வாங்கினேன். மூணே நாள்ல முகம் பளிச்சுனு ஆச்சு. நிறுத்தினதும் முன்ன விட ரெண்டு மடங்கா வந்துருச்சு. திரும்பப் போடலாமா?

தயவுசெய்து போடாதீர்கள். இந்தக் கேள்விக்காகவே நான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்தேன்.

ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன் இவற்றில் ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. வீக்கத்தை உடனே அடக்கும், நிறத்தையும் வெளுக்க வைக்கும், அதனால் வேலை செய்கிறது என்று தோன்றும். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலியும், சிவப்பு நரம்புகள் தெரியும், முடி முளைக்கும், ஸ்டீராய்டே புதுப் பருவைக் கொண்டுவரும். நிறுத்தினால் முகம் எரியும். எரிகிறதே என்று திரும்பப் போடுவோம். இப்படித்தான் வருடக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். 2018-ல் மத்திய அரசு இவ்வகை ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. ஆனாலும் கவுண்டரில் கேட்டால் கிடைக்கிறது என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பல மாதம் போட்டவர் என்றால் ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். எப்படி விடுவது என்று அவர் சொல்வார்.

லேபிளே இல்லாத வெளுப்பு கிரீம்கள் இதைவிட மோசம். 2023-ல் கேரளாவின் மலப்புரம் பக்கத்தில் இப்படிப்பட்ட கிரீம் போட்டவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். காரணம் அதிலிருந்த பாதரசம்.

சீரம் மட்டும் ஆறு வெச்சிருக்கேன். எதை எப்போ போடறது?

ஆறையும் எடுத்து வையுங்கள். காலையில் மென்மையான ஃபேஸ்வாஷ், ஜெல் மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். இரவில் ஃபேஸ்வாஷ், ஒரே ஒரு மருந்து, மாய்ஸ்சரைசர். அந்த மருந்து பெரும்பாலானவர்களுக்கு அடாபலீன் 0.1 சதவீதம் (முகத்தில் தடவும் பரு மருந்து), டாக்டர் சீட்டோடு. முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு போதும். பருவின் மேல் மட்டும் வைத்தால் பலன் இல்லை, ஏனென்றால் அதன் வேலை அடுத்த பரு உருவாகாமல் தடுப்பது. எண்ணெய் வழிகிறதே என்று மாய்ஸ்சரைசரை விட்டுவிடாதீர்கள். அது இல்லாமல் இந்த மருந்தைத் தோல் தாங்காது.

அடாபலீன் போட்டு ரெண்டு வாரம். தோல் உரியுது, பருவும் கூடிருக்கு. நிறுத்திடவா?

ஆரம்பத்தில் கூடுவது சகஜம். வாரம் மூன்று இரவாகக் குறையுங்கள், முதலில் மாய்ஸ்சரைசர் தடவி அதன்மேல் போடுங்கள். 8 முதல் 12 வாரம் ஆன பிறகு பலனைப் பாருங்கள். புண்ணாகி நீர் வடிந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள்.

நகைக்கடையில வேலை. மேக்கப் இல்லாம நிக்க முடியாது. மேக்கப் போட்டா பரு வரும்னு வீட்ல திட்டறாங்க.

மேக்கப் போடலாம். எதைப் போடுகிறோம், இரவில் எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பருவோடு வேலைக்குப் போய் நாள் முழுக்க முகத்தை மறைத்துக்கொண்டு பேசுவதன் வேதனை எனக்குத் தெரியும், அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

டப்பாவில் 'நான்-காமெடோஜெனிக்', அதாவது துவாரத்தை அடைக்காதது, என்று இருப்பதை வாங்குங்கள். அதற்குச் சட்டப்படியான அளவுகோல் கிடையாது, ஆனாலும் தொடங்க அது நல்ல இடம். ஸ்டிக் மாதிரி கனமான ஃபவுண்டேஷன் வேண்டாம், நீர்த்த திரவம் போதும். மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் போட்டபின் சில நிமிடம் விடுங்கள், இல்லையென்றால் மேலே போடுவது திரிதிரியாக உருளும்.

பழைய கரும் தழும்பின் மேல் நேராக கன்சீலர் வைத்தால் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். மாநிறத்துக்கு பீச், கறுத்த நிறத்துக்கு ஆரஞ்சு கரெக்டர் (கன்சீலருக்கு முன் போடும் நிறம் சரிசெய்யும் கிரீம்), அந்தப் புள்ளியில் மட்டும், மிக மெல்லிசாக. சிவப்பை மறைக்கப் பச்சை கரெக்டர் என்று விற்பார்கள். நம் நிறத்தில் அது பெரும்பாலும் வெளிறிப்போய்த் தெரியும். புடைத்த பருவுக்கு உங்கள் நிறத்தை விட வெளிர்ந்த கன்சீலர் வைத்தால் மேடு இன்னும் எடுப்பாகத் தெரியும். சரியாக உங்கள் நிறமே வேண்டும், பகல் வெளிச்சத்தில் தாடையில் வைத்துப் பாருங்கள். சின்ன பிரஷ்ஷால் வைத்து ஓரத்தை மட்டும் தட்டி, பவுடரை அழுத்தி ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். நிறத்தை மறைக்கலாம், மேட்டை மறைக்க முடியாது; அதை மறைக்கப் பார்த்துத்தான் அப்பிக்கொண்டே போகிறோம். மினுக்கும் ஹைலைட்டர் அங்கே வேண்டாம். உடைந்த பருவின் மேல் எதுவுமே வேண்டாம், பரு பேட்ச் (பருவை மூடும் சின்ன ஸ்டிக்கர்) ஒட்டுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மைசெல்லர் வாட்டரால் (மேக்கப்பை எடுக்கும் திரவம்) துடைத்து, பிறகு ஃபேஸ்வாஷ். வைப்ஸால் பரபரவென்று தேய்ப்பது எரிச்சலைக் கூட்டும். ஸ்பாஞ்சைப் போட்ட அன்றே கழுவிக் காய வையுங்கள், பிரஷ்ஷை வாரம் ஒரு முறை. தோழியோடு பகிர வேண்டாம்.

தினமும் இவ்வளவு முடியாது என்றால் நிறம் கலந்த சன்ஸ்கிரீன் ஒன்றே போதும். அதிலுள்ள அயர்ன் ஆக்சைடு, தழும்பைக் கறுக்க வைக்கும் ஒளியையும் தடுக்கும். நம் தோலுக்கு அது பெரிய உதவி.

தேங்காய் எண்ணெய் முகத்துல தடவலாமா?

பரு உள்ள முகத்தில் வேண்டாம், துவாரத்தை அடைக்கும். தலைக்கு வைக்கலாம். நெற்றியில் வழியாமல், முடிந்தால் குளிப்பதற்கு முன்பாக.

நெத்தி முழுக்கப் பொடிப்பொடியா, ஒரே அளவுல, அரிப்போட இருக்கு.

அரிப்பு இருந்தால் பரு அல்லாமல் பூஞ்சையாகவும் இருக்கலாம். வியர்வைக் காலத்தில், ஆன்டிபயாட்டிக் சாப்பிட்ட பிறகு வரும். பரு மருந்து அதற்குக் கேட்காது. டாக்டரிடம் காட்டுங்கள்.

பீரியட்ஸ் ரெண்டு மூணு மாசம் தள்ளிப் போகுது, மோவாய்ல முடியும் இருக்கு. குழந்தைக்கும் முயற்சி பண்றோம்.

பிசிஓஎஸ் (சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு) இருக்கலாம். மகளிர் மருத்துவர், தோல் டாக்டர் இருவரையும் பாருங்கள், குழந்தைக்கு முயல்வதை முதல் வரியாகச் சொல்லுங்கள். கடுமையான பருவுக்குக் கொடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கருவைக் கடுமையாகப் பாதிக்கும். சாப்பிடும்போதும் நிறுத்தி ஒரு மாதம் வரையிலும் கருத்தரிக்கவே கூடாது. பருவுக்குக் கொடுக்கும் மற்ற மருந்துகளான ஸ்பைரோனோலாக்டோன், டாக்சிசைக்ளின், அடாபலீன் இவையும் இப்போது உங்களுக்கு வேண்டாம். தோலில் தடவும் அசெலாயிக் ஆசிட் கர்ப்பத்திலும் பயன்படுத்தக்கூடியது, தழும்பையும் மங்க வைக்கும். அதைப் பற்றிக் கேளுங்கள்.

அடுத்த மாசம் நிச்சயதார்த்தம். பார்லர்ல ஃபேஷியல் பண்ணிக்கலாமா?

வலிக்கிற பரு இருக்கும்போது மசாஜும் ஆவியும் ஸ்க்ரப்பும் வேண்டாம். அடாபலீன் போடுபவர் என்றால் முகத்தில் வாக்ஸிங் கூடாது, தோலோடு உரிந்து வரும். புதிதாக எதையும் தொடங்காமல், ஒத்துக்கொண்டதையே தொடருங்கள். மேக்கப் போடுபவரிடம் முன்கூட்டியே ஒரு ட்ரையல் கேளுங்கள், உங்கள் ஸ்பாஞ்சையும் சன்ஸ்கிரீனையும் நீங்களே கொண்டுபோங்கள். அன்று காலையில் கட்டி வந்துவிட்டால் ஐஸ் வைத்து, வீக்கம் இறங்கிய பிறகு நாற்காலியில் உட்காருங்கள்.