தோழியின் ஸ்டோரி பார்த்தால் மனசு சுருங்குகிறது, இது நோயா டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 24. சேலம் பனங்காடு பக்கம் வீடு. வீட்டிலேயே கொலுசு வேலை நடக்கிறது. பி.காம். முடித்துவிட்டு ஐந்து ரோடு அருகே ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இருக்கிறேன். கூடப் படித்தவர்கள் பெங்களூரு வேலை, ஏற்காடு ரிசார்ட், புதுமனை புகுவிழா என்று இன்ஸ்டாகிராமில் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ராத்திரி படுத்துக்கொண்டு பார்க்க ஆரம்பித்தால் ஒரு மணி ஆகிவிடுகிறது. நான் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்பதுபோல இருக்கிறது. முப்பது செல்ஃபி எடுத்தால் முப்பதையும் அழிக்கிறேன். போன மாதம் நெருங்கிய தோழியின் நிச்சயத்துக்குக்கூடப் போகவில்லை. ஆப்பை இரண்டு முறை டெலீட் செய்து, திரும்பப் போட்டுவிட்டேன். ரீல்ஸ் பார்த்து வாங்கிய வெள்ளையாக்கும் கிரீமை நாலு மாதமாகப் போடுகிறேன். ஒரு நாள் விட்டால் முகம் சிவந்து எரிகிறது. எனக்கு மனநோயா? மாத்திரை வேண்டுமா?
- பெயர் வேண்டாம், சேலம்

பதில்: கடைசியில் போகிறபோக்கில் சொன்ன கிரீமிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மற்றது பத்து நாள் காத்திருக்கும், இது காத்திருக்காது.

போட்டால் பளிச்சென்று இருப்பது, விட்டால் சிவந்து எரிவது. ஸ்டீராய்டு கலந்த கிரீம் பெரும்பாலும் இப்படித்தான் காட்டிக்கொடுக்கும். ட்யூப்பைத் திருப்பிப் பாருங்கள். பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் சந்தேகமே வேண்டாம். முதல் சில வாரம் முகம் வெளுக்கும். பிறகு தோல் மெலியும், கன்னத்தில் சிறு ரத்தக் குழாய்கள் சிவப்பு நூல்போலத் தெரியும், பரு வரும், மெல்லிய முடி வளரும். எரிச்சல் தாங்காமல் மறுபடி போடுவதால் பழக்கம் இறுகுகிறது. இந்த வாரமே தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். உடனே நிறுத்துவதா, வீரியம் குறைந்ததற்கு மாற்றிப் படிப்படியாக விடுவதா என்பதை அவர் பார்த்துச் சொல்வார். ட்யூப்பில் உட்பொருள், தயாரிப்பாளர் முகவரி, பேட்ச் எண் எதுவுமே இல்லையென்றால் இன்றே நிறுத்துங்கள். அப்படிப்பட்ட சில கிரீம்களில் பாதரசம் இருக்கும். அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். சிறுநீரில் புரதம் போகிறதா என்று ஒரு சோதனை செய்வது நல்லது. எரிச்சலுக்கு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு இன்னொரு கிரீம் மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

இனி மனசு. பிறரோடு ஒப்பிடுவது நோய் அல்ல. லியோன் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954-லேயே எழுதினார்: தன்னை அளக்க வேறு அளவுகோல் கிடைக்காதபோது மனிதர்கள் தங்களைப் போன்ற ஆளோடுதான் ஒப்பிட்டுக்கொள்கிறார்கள். சினிமா நடிகையின் பங்களா உங்களைச் சுடாது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளின் புதுமனை புகுவிழா சுடும். காலத்தில் மாறியது எண்ணிக்கைதான். முன்பெல்லாம் கூடப் படித்தவர்களின் சேதி ஆடிப் பண்டிகைக்கும் கல்யாணத்துக்கும்தான் வந்து சேரும். இப்போது ஒரே ராத்திரியில் நாற்பது பேரின் நல்ல நாள் வந்து இறங்குகிறது. அவர்களின் வீட்டுக் கடன் தவணையும், ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டு மலைப்பாதையில் வண்டி நகராமல் நின்ற ஒரு மணி நேரமும் அதில் வராது. (ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற காட்சிமுனையில் நின்று ராத்திரியில் எடுக்கும் படங்களில் கீழே மின்னுவது நம் சேலம்தான். உங்கள் வீட்டு விளக்கும் அதில் இருக்கும்.)

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஒரு ரீலில் நீங்கள் எவ்வளவு நேரம் நிற்கிறீர்கள் என்பதை ஆப் கணக்கெடுக்கிறது. ஆசையாக நின்றீர்களா, வயிறு எரிந்து நின்றீர்களா என்று அதற்குத் தெரியாது. வலித்ததையே மேலும் மேலும் காட்டும்.

ஆப்பைக் கோபத்தில் டெலீட் செய்வதை நான் பரிந்துரைப்பதில்லை. அங்கே உங்கள் நண்பர்களும் இருக்கிறார்கள். மூன்றாம் நாள் திரும்பப் போட்டு, ‘என்னால் இதுகூட முடியவில்லை’ என்ற குற்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும். முதல் வேலை, போனைப் படுக்கையிலிருந்து எடுப்பது. பத்து மணிக்குச் சமையலறையிலோ கூடத்திலோ சார்ஜில் போடுங்கள். அலாரத்துக்கு ஒரு சாதாரண மணிக்கடிகாரம் போதும். இதை அற்பம் என்று நினைக்காதீர்கள். களைத்த மூளை எந்தச் சின்ன விஷயத்தையும் பெரிதாகவே எடுத்துக்கொள்ளும். ஒரு மணிக்குத் தூங்கி ஆறு மணிக்கு எழுகிறவருக்கு மறுநாள் முழுக்க அந்தக் களைப்புதான். ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். முதல் நாலைந்து ராத்திரி கை போனைத் தேடும், தூக்கம் வராது. அது தோல்வி இல்லை. அந்த வாரத்தைத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இரண்டாவது, மியூட். பட்டியலைப் பிரபலங்களில் தொடங்காதீர்கள். மனசைக் குத்துகிற ஐந்து தெரிந்தவர்களில் தொடங்குங்கள். அவர்களின் பக்கத்துக்குப் போய் ‘ஃபாலோயிங்’ என்பதைத் தொட்டால் ‘மியூட்’ வரும். போஸ்ட், ஸ்டோரி இரண்டையும் அணையுங்கள். அவர்களுக்குத் தெரியாது, நட்பும் கெடாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸையும் அப்படியே மறைக்கலாம். லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதி 2021-லிருந்து இருக்கிறது. சிலருக்குத்தான் உதவுகிறது, அதைப் பெரிதாக நம்ப வேண்டாம்.

நேரத்துக்கு ஒரு வரம்பு: நாளுக்கு மொத்தம் முப்பது நிமிடம். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2018-ல் 143 மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு வெளிவந்தது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் மூன்றையும் தலா பத்து நிமிடமாகக் குறைத்தவர்களுக்கு மூன்று வாரத்தில் தனிமையும் மனச்சோர்வும் குறைந்தன. தன்மதிப்பில் மட்டும் தெளிவான மாற்றம் இல்லை. ஆகவே பார்ப்பதைக் குறைத்தால் வலி குறையும். ‘நானும் ஒரு ஆள்’ என்ற தெம்பு வேறு இடத்திலிருந்து வர வேண்டும்.

அந்த இடம் எது என்று கண்டுபிடிக்க ஒரு நோட்டு போடுங்கள். பதினான்கு நாள். மனசு சுருங்கிய ஒவ்வொரு முறையும் நாலு விஷயம்: நேரம், யாருடைய படம், அதில் எது குத்தியது, வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க். பதினைந்தாம் நாள், எது குத்தியது என்று எழுதியதை மட்டும் வாசியுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அங்கே ஒன்றோ இரண்டோ சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். வேலை என்று வந்தால் அதற்கு மருந்து மனசில் இல்லை. இந்த மாதமே ஜி.எஸ்.டி. ரிட்டர்னைத் தனியாகத் தாக்கல் செய்யக் கற்பதில் இருக்கிறது. வீடு என்று வந்தால், உங்கள் வீட்டை எந்த ஆளிடம் மறைக்கிறீர்கள் என்று பாருங்கள். அவரைத்தான் முதலில் வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். உங்கள் வீட்டில் பற்றவைத்து மெருகேற்றும் கொலுசைக் காட்ட வெட்கப்பட என்ன இருக்கிறது, எனக்குப் புரியவில்லை.

முகம் என்று வந்தால் ஒரு கணக்கு சொல்கிறேன். கைநீட்டி எடுக்கும் செல்ஃபியில் கேமரா சுமார் ஓர் அடி தூரத்தில் இருக்கிறது. முகத்தில் முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது மூக்கு. அது பெரிதாகத் தெரியும். ஐந்தடி தூரத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் மூக்கின் அகலம் முப்பது சதவீதம் வரை கூடித் தெரிகிறது என்று 2018-ல் கணக்கிட்டிருக்கிறார்கள். நீங்கள் அழித்த முப்பது படங்களிலும் இருந்தது தூரத்தின் கோளாறு.

மாத்திரை? இப்போதைக்கு எழுதத் தோன்றவில்லை. ஆனால் இரண்டு வாரம் தொடர்ந்து, நாளின் பெரும்பகுதி மனசு கனத்து, பிடித்த எதிலும் நாட்டமில்லாமல், பசியும் தூக்கமும் கெட்டால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். முகத்தில் ஏதோ குறை என்ற நினைப்பிலும் கண்ணாடியிலும் தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனாலும் காட்ட வேண்டும். அதற்கென்றே பேச்சு சிகிச்சை உண்டு, தேவைப்பட்டால் மாத்திரையும். அந்த மாத்திரைகள் வேலை செய்யச் சில வாரம் ஆகும், தூக்க மாத்திரைபோல அடிமையாக்காது. சோர்வு அதிகமென்றால் ஹீமோகுளோபினும் தைராய்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டலாம். நோட்டையும் கிரீம் ட்யூப்பையும் கையோடு கொண்டுபோங்கள். மலையிலிருந்து இறங்கி வர முடியாதவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் நோட்டு, பதினான்கு நாள் எதற்கும் காத்திருக்காமல் அன்றே அழையுங்கள், வீட்டிலும் சொல்லுங்கள்.

நிச்சயத்துக்குப் போகாத தோழிக்கு மெசேஜ் போடாமல் போன் செய்யுங்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலமே மண்டபத்துக்குப் போய், வரவேற்பு மேஜையில் சந்தனமும் கல்கண்டும் கொடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கையில் வேலை இருப்பவருக்கு யார் புடவை என்ன விலை என்று பார்க்க நேரம் இருக்காது. போட்டோ எடுக்கக் கூப்பிட்டால் ஐந்தடி தள்ளி நின்று எடுக்கச் சொல்லுங்கள்.