மீன்கூடையைத் தடுத்தால் எந்த உயிர் பிழைக்கும்?

கேள்வி: எங்கள் குடியிருப்பில் பெரும்பாலோர் சைவம். இனி அசைவம் சமைப்பவர்களுக்கு வீடு வாடகைக்கு விடுவதில்லை, மீன்கூடையோடு யாரும் கேட்டைத் தாண்டி வரக்கூடாது என்று சங்கத்தில் தீர்மானம் போட்டோம். உயிர்க்கொலைக்குத் துணைபோகக் கூடாது என்பதைத் தவிர வேறு எண்ணம் எங்களுக்கு இல்லை. இதற்குப் போய் சாதி பார்க்கிறோம் என்கிறார்கள். உயிர்களிடம் அன்பு காட்டுவது குற்றமா?
- ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: குற்றமில்லை. ஆனால் எந்த உயிரிடம் அன்பு காட்டினீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. உங்கள் தீர்மானத்தால் ஒரு நெத்திலிகூடப் பிழைத்திருக்காது. கூடைக்காரம்மா அடுத்த தெருவில் விற்றுவிட்டுப் போயிருப்பார். வீடு கேட்டு வந்த குடும்பம் வியாசர்பாடியிலோ கொடுங்கையூரிலோ குடியேறி அதே குழம்பை வைத்திருக்கும். உங்கள் கண்ணில் படாமல் போனார்கள், அவ்வளவுதான்.

என்னைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ராயபுரத்தில் வளர்ந்தவன், மீன் சாப்பிடுகிறவன். புலால் மறுத்தவர்களை ஒரு வார்த்தை குறைத்துப் பேச மாட்டேன். வாங்கித் தின்ன ஆள் இல்லையென்றால் கொன்று விற்கவும் ஆள் இருக்கமாட்டார் என்று குறள் சொல்கிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. 'நான் வெட்டவில்லை, கடைக்காரர் வெட்டினார்' என்று நழுவவும் முடியாது. தனக்காக ஓர் உயிர் சாக வேண்டாம் என்று நாக்கைக் கட்டி வாழ்பவர் என்னைவிட உயர்ந்தவர் என்றே நினைக்கிறேன்.

ஆனால் நோன்பு என்பது தனக்குத்தானே வைத்துக்கொள்வது. வாடகைக்கு வருகிறவர் தலையில் அதைக் கட்டுகிறபோது நீங்கள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, இழப்பெல்லாம் அவருக்குத்தான்.

நம் வடசென்னையிலேயே, ஏழுகிணறு வீராசாமித் தெருவில் வாழ்ந்தவர் வள்ளலார். வாடிய பயிரைக் கண்டு வாடிய மனிதர். புலால் விஷயத்தில் அவர் கொஞ்சமும் இளகவில்லை. புலால் உண்பவர்கள் உறவினத்தார் அல்லர், புறவினத்தார் என்றே பாடினார். உங்கள் தீர்மானத்துக்கு அந்த வரியை நீங்கள் துணைக்கு அழைக்கலாம். ஆனால் அதே பாடலில், அவர்களுக்கும் பசி தவிர்த்தலை மாத்திரம் செய்யச் சொல்கிறார். 1867-இல் வடலூரில் தருமசாலையைத் திறந்து அவர் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. இவ்வளவு கண்டிப்பானவரே அடுத்தவர் பசியை முதலில் வைத்தார். நீங்கள் அடுத்தவர் அடுப்பை அல்லவா அணைக்கப் பார்க்கிறீர்கள்?

போன வருடம் திருவொற்றியூர் கரையில் ஒரு பெரியவர் வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தார். ஒன்றை மல்லாத்திப் பார்த்தார். அடிவயிற்றில் ஆரஞ்சு நிறத்தில் முட்டைகள் அப்பியிருந்தன. கால் உடையாமல் மெதுவாக விடுவித்து, எழுந்து நடந்துபோய் அலையில் விட்டு வந்தார். "சினை நண்டு சார். இதயும் துன்னுட்டா அப்பால இன்னா பண்றது?" என்றார். அவர் கொல்கிறவர்தான். ஆனால் ஓர் உயிரை எப்போது தொடக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. மீன்கள் இனம் பெருக்கட்டும் என்று வருடந்தோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் காசிமேட்டு விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. சட்டம்தான் நிறுத்துகிறது, ஆனால் அந்த இரண்டு மாதமும் வருமானத்தை விடுவது அவர்கள்.

எல்லோரும் அந்தப் பெரியவர் மாதிரி என்று சொல்லவில்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கினால் அவை மூச்சுவிட மேலே வர முடியாது. அது எங்களைப் போல மீன் வாங்குகிறவர்கள் மேலும் விழும் பழி.

அப்புறம், உங்கள் லிஃப்டுக்கும் என் மின்விசிறிக்கும் வரும் மின்சாரத்தைப் பாருங்கள். அனல்மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் இறங்கி, எண்ணூர்க் கழிமுகத்தில் இறாலும் நண்டும் கெட்டுப்போயின. 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்தபோது கூழைக்கடாக்கள் சிறகெல்லாம் எண்ணெயோடு நின்றன. அந்த எண்ணெயை வாளியும் கையுமாக அள்ளியவர்கள் மீனவர்கள். அந்த மாதம் உங்கள் சங்கத்தில் ஒரு தீர்மானம் போட்டீர்களா? காலையில் நீங்கள் வாங்கும் பாலுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. காளைக் கன்று பிறந்தால் அது எங்கே போகிறது என்று பால்காரரை ஒரு நாள் கேளுங்கள். பட்டுப்புடவைக்கு வெந்நீரில் வேகும் கூடுகளை நான் சொல்ல வேண்டியதில்லை.

என் பக்கத்து ஆட்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பேசின் பிரிட்ஜ் சிக்னலில் ஒரு பைக் பக்கத்தில் நின்றது. இரண்டு பக்கமும் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கும் பிராய்லர் கோழிகள். சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒன்று, தலை உரசாமல் இருக்கக் கழுத்தை மேலே தூக்கித் தூக்கிப் பார்த்தது. முடியாமல் விட்டுவிட்டு, மறுபடியும் தூக்கியது. பச்சை விழுந்தது. சாப்பிடத்தானே போகிறோம் என்று அதைப் பார்க்காமல் திரும்பிக்கொள்கிறோமே, அது அநியாயம். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இலேயே வந்துவிட்டது. அப்படிக் கொண்டுவரும் கடையில் வாங்க மாட்டேன் என்று சொல்வதற்கு நாம் சைவம் ஆக வேண்டியதில்லை.

சாதி பார்க்கவில்லை என்கிறீர்கள். சரி, ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். வீடு கேட்டு வந்தவரிடம் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டீர்களா, அல்லது பெயரையும் சொந்த ஊரையும் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்தீர்களா? உயிர்களிடம் வைத்த அன்பு ஒரு குடும்பத்தை மூட்டை முடிச்சோடு தெருத்தெருவாக அலைய விட்டிருக்கிறது. அந்தக் குடும்பத்தில் இருப்பதும் உயிர்கள்தான்.

வாடைதான் தொல்லை என்றால் வாடை என்றே எழுதுங்கள். மீன் கழிவைத் தனியாகக் கட்டிக் கொடுக்க வேண்டும், செதிலைக் குழாயில் விடக்கூடாது என்று விதி போடுங்கள். எல்லா வீட்டாரும் கேட்பார்கள். முன்பு போட்ட தீர்மானத்தை அடுத்த கூட்டத்திலேயே ரத்து செய்துவிடுங்கள். கூடைக்காரம்மாவுக்குக் கேட்டைத் திறந்துவிடுங்கள். உங்கள் கதவை அவர் தட்டப் போவதில்லை. எந்த வீட்டில் வாங்குவார்கள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.