துள்ளிய விமானம், நடுங்கும் கை

கேள்வி: விமானி பயிற்சியில் இருக்கிறேன். மூன்றாவது சோலோவில், அதாவது தனியாகப் பறந்து தரையிறங்கும்போது, செஸ்னா 152 விமானம் துள்ளித் துள்ளி விழுந்து, முன்சக்கரம் ஒடிந்து, புரொப்பெல்லர் ரன்வேயில் அடித்துவிட்டது. எனக்குக் காயமில்லை. ஆனால் இப்போது இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருந்தாலும் தரை நெருங்கினாலே கை நடுங்குகிறது. விட்டுவிடலாமா?

பதில்: அதை இந்த வாரம் முடிவு செய்யாதீர்கள். முதல் துள்ளலுக்கும் இரண்டாவதற்கும் நடுவில் உங்கள் கை என்ன செய்தது? கடிதத்தில் அது இல்லை. மூக்கை ஏற்றி இறக்கும் கன்ட்ரோலை முன்னால் தள்ளியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். எகிறும் விமானத்தைத் தரையில் அமுக்கத்தான் யாருக்கும் தோன்றும். மாணவனாக இருந்தபோது நானும் தள்ளினேன். பக்கத்தில் இருந்தவர் பிடுங்கிக்கொண்டதால் பிழைத்தது விமானம்.

தள்ளினால் மூக்கு கவிழ்ந்து முன்சக்கரம் முதலில் மோதும். இறங்கும் அடியை வாங்குவதற்கென்று இருப்பவை பின்னால் உள்ள இரண்டு பெரிய சக்கரங்கள். முன்சக்கரத்துக்கு அந்தத் தெம்பு கிடையாது. மோதியதும் மூக்கு முன்னைவிட உயரமாக எகிறும், நீங்கள் மறுபடி தள்ளுவீர்கள். ஒவ்வொரு முறையும் கை விமானத்துக்கு ஒரு படி பின்னாலேயே ஓடும். அப்புறம் ஒடிவதுதான் பாக்கி.

துள்ளியது பெரிய தப்பில்லை, துள்ளாத விமானியே கிடையாது. லேசான துள்ளல் என்றால் மூக்கை இறங்கும் நிலையிலேயே பிடித்து, கொஞ்சம் பவர் கொடுத்து உட்கார விடலாம். பெரிதென்றால் யோசிக்கவே வேண்டாம்: ஃபுல் த்ராட்டில், கார்புரேட்டர் ஹீட் (எஞ்சினுக்குள் போகும் காற்றைச் சூடாக்குவது) ஆஃப், கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி மேலேறிவிடுவது. மூக்கு இடப்பக்கம் இழுக்கும், மூக்கைத் திருப்பும் ரடரை வலது காலில் அழுத்துங்கள். இறக்கையின் பின்விளிம்பில் இறக்கிவிட்ட ஃபிளாப்பை மட்டும் ஒரேயடியாக எடுத்துவிடாதீர்கள், விமானத்தைத் தூக்கும் லிஃப்ட் சரிந்து திரும்பவும் தரைக்கே வருவீர்கள்.

எப்படியாவது இறங்கியே ஆகவேண்டும் என்ற நினைப்புதான் உங்கள் கையை நடுங்க வைக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதனால் அடுத்த சில முறை இறங்கவே வேண்டாம். ரன்வேக்குச் சில அடி மேலே வரை வந்து கோ-அரவுண்ட் போகலாமா என்று இன்ஸ்ட்ரக்டரிடம் கேளுங்கள். சக்கரம் தரையைத் தொடவே கூடாது.

நடந்ததை இன்றே எழுதி வையுங்கள், கன்ட்ரோலைத் தள்ளியிருந்தால் அது உட்பட. விசாரணையில் அதை மழுப்பாமல் சொல்லுங்கள். நாளாக ஆக, ஞாபகம் நமக்குச் சாதகமாக மாறிவிடும். தூக்கம் கெட்டிருந்தால் நீங்களாக மாத்திரை போடாமல், விமானிகளைப் பரிசோதிக்கும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பத்து கோ-அரவுண்ட் போன பிறகும் நடுங்கினால் மறுபடி எழுதுங்கள். விடுவதைப் பற்றி அப்போது பேசலாம்.